தேடியது கிடைக்காவிட்டால்

கோமு அந்தக் கம்பெனியில் சேர்ந்து பதினான்கு வருஷம். அதில் பதின்மூன்று வருஷம் லேபிள் எழுதினாள். விக்கிரமசிங்கபுரத்தில் பெரிய மில்லைத் தவிர, நூலை வைத்துத் தொழில் செய்கிற சின்னக் கம்பெனிகளும் இருந்தன. இவள் இருந்த கம்பெனியில் தையல் நூலுக்குச் சாயம் ஏற்றிப் பெட்டி போட்டு அனுப்புவார்கள். நிறங்கள் நானூறுக்கு மேல். ஒரே தடவையில் சாயம் ஏற்றித் தொட்டியிலிருந்து இறக்கும் ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு லாட் எண் உண்டு. ஒரே நிறம்தான் என்றாலும் இந்த ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் இம்மியளவு வித்தியாசம் இருக்கும். நூலாகப் பார்த்தால் தெரியாது. ஒரு சட்டையின் வலக்கையை ஒரு லாட்டிலும் இடக்கையை இன்னொரு லாட்டிலும் தைத்துவிட்டால், எதிரே வருகிறவனுக்கே தெரியும். அதனால் பெட்டி மேல் ஒட்டும் லேபிளில் எது தப்பினாலும் லாட் எண் தப்பக் கூடாது.

தொண்ணூற்றாறு கடைசியில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. குமரகுருபரன் என்ற இருபத்தாறு வயதுப் பையன் லேபிள் அடிக்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். சென்னையில் படித்துவிட்டுத் திருநெல்வேலி டவுனில் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தவன். செவ்வாயும் சனியும் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போவான். கோமுவின் மேசையைத் தூக்கிக் குடோனில் போட்டார்கள். அவளைப் பிரிண்டருக்குத் தாள் மாட்ட வைத்தார்கள். சாயப்பட்டறையிலிருந்து நூல் தள்ளுவண்டிகளில் வரும். பெட்டி போடும் பெண்கள் வண்டி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கோமு அந்த எண்ணை அடித்து எண்டர் தட்டலாம். பட்டறையில் இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கும் பட்டியலைத் தேடி, அந்த வண்டிக்குரிய லாட் எண்ணோடு லேபிள் வரும். அதற்கு மேல் கீபோர்டில் எந்தச் சாவியையும் தொடக் கூடாது என்பது மேனேஜர் காந்திமதிநாதனின் உத்தரவு.

தன் வேலையை அது தட்டிப் பறித்ததில் கோமுவுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. எழுதி எழுதி அவளுக்கு விரல் காய்த்துப் போயிருந்தது. எப்படி நடக்கிறது என்று தெரியாமல் பக்கத்தில் நிற்பதுதான் பொறுக்கவில்லை. ஒரு மாதம் நின்று பார்த்தாள். பிறகு அம்பாசமுத்திரத்தில் மெடிக்கல் ஸ்டோருக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். வயது முப்பத்தைந்து. கூடப் படித்தவர்களெல்லாம் அப்போதுதான் பிளஸ் டூ முடித்தவர்கள். பெரிய மில்லில் ஷிப்டு பார்க்கும் அவள் புருஷன் சுந்தர், "நீ முடிவு பண்ணிட்டேன்னா நான் என்னத்தச் சொல்ல?" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் கொண்டுவிட்டான்.

சென்டரில் பாடம் எடுத்தவன் அஜின், மணப்பாட்டுக்காரன், இருபத்திரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை உருவாக்கிய முன்னோடிகளின் பெயர்களையும் வருஷங்களையும் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் பண்ணச் சொன்னான். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் நிச்சயமாம். கோமு கையைத் தூக்கினாள்.

"சார், இவங்கல்லாம் காலையில வந்து உக்காந்தா என்ன செஞ்சாங்க? தப்பு வந்தா எப்பிடிக் கண்டுபிடிச்சாங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அஜின் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தான். "தெரியலக்கா. நான் படிச்சப்போ இத யாரும் கேக்கல" என்றான்.

அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்திலிருந்து வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தான். ஒன்பது பக்கம். கோமு டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். ஆங்கிலத்தில் அடித்துப் பழக்கம் உண்டு, படித்துப் பழக்கமில்லை. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் படித்து முடித்தாள்.

அமெரிக்காவில் எனியாக் என்ற பெரிய இயந்திரத்துக்கு முதன்முதலில் புரோகிராம் எழுதியவர்கள் ஆறு பெண்கள். அதற்கு முன்னால் கையால் கணக்குப் போடும் வேலையில் இருந்தவர்கள். ஆரம்பத்தில் அவர்களை இயந்திரம் இருந்த அறைக்குள்ளேயே விடவில்லை. விளக்கப் புத்தகமும் கிடையாது. வரைபடங்களை மட்டும் கையில் கொடுத்துப் புரிந்துகொள்ளச் சொன்னார்கள். தாளிலேயே படித்து, ஒருத்திக்கொருத்தி சொல்லிக் கொடுத்து, ஒருத்தி எழுதியதில் இன்னொருத்தி குற்றம் கண்டுபிடித்து, கடைசியில் பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற பல்லாயிரம் வால்வுகளில் எது பழுது என்று சொல்லும் அளவுக்கு அந்த இயந்திரத்தைத் தெரிந்துகொண்டார்கள். கோமு இந்தப் பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தாள்.

கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மாளைப் பற்றியும் இருந்தது. அவர் வேலை பார்த்த குழுவில் எந்தக் கோளாறு வந்தாலும் மணி முதற்கொண்டு நோட்டில் எழுதுவார்களாம். ஒரு நாள் இயந்திரத்துக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அந்தப் பூச்சியையும் நோட்டில் ஒட்டி, கீழே விவரம் எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் செய்த மாரிஸ் வில்க்ஸ். ஒரு நாள் மாடிப்படியில் போய்க்கொண்டிருந்தபோது, மிச்சமிருக்கும் ஆயுளில் பெரும்பகுதி தன் புரோகிராமில் தானே விட்ட தப்புகளைத் தேடுவதில்தான் கழியப்போகிறது என்று அவருக்கு உறைத்ததாம். அதைப் படித்தபோது கோமுவுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய மனுஷனுக்கா என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கினாள். பிரிண்டர் தாளைக் கடித்தது, மை மங்கியது, கரண்டு போனது எல்லாவற்றையும் மணியோடு எழுதத் தொடங்கினாள். மேனேஜரிடம் போய்த் தினம் அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் பழகிக்கொள்ளலாமா என்று கேட்டாள். "விளையாடுத சாமானா அது?" என்றார் அவர். சரி, தாளாவது நம் பொறுப்பில்தானே இருக்கிறது என்று, குமரகுருபரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்ட புரோகிராம் தாள்களை எடுத்துப் பத்திரப்படுத்தினாள். மொத்தம் பதினோரு பக்கம்.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் திருப்பூரிலிருந்து புகார்க் கடிதம் வந்தது. ஒரே லாட் என்று லேபிள் ஒட்டிய பெட்டிகளில் வேறு லாட் நூல் கலந்திருக்கிறது. தைத்த சட்டைகள் வீண். மூன்று பெட்டி எண்களைக் குறிப்பிட்டிருந்தார்கள். மூன்றும் தேவமணி போட்ட பெட்டிகள். லேபிளைப் பெட்டி மாற்றி ஒட்டிவிட்டாள் என்று முடிவு கட்டிய காந்திமதிநாதன், விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மெமோ கொடுத்துவிட்டார்.

தேவமணி கோமுவைவிட ஐந்து வயது மூத்தவள். மெமோவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நான் மாத்தி ஒட்டலட்டி. ஒரு வண்டிய முடிச்சி, தரையத் தூத்த பொறவுதான் அடுத்த வண்டிய இழுப்பேன். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"பொறவு எப்பிடி இது?"

"ஒரு வாரம் பொறுக்கா" என்றாள் கோமு. சொன்ன பிறகுதான், எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று திக்கென்றது.

முதலில் நோட்டைப் புரட்டினாள். புகாரில் இருந்த மூன்று பெட்டிகளுக்கும் லேபிள் அடித்த மணியைத் தேடினாள். வெவ்வேறு நாள்கள். ஆனால் மூன்றும் மத்தியானம் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? பட்டறையில் ஷிப்டு மாறும். போகிற எழுத்தர் வண்டி எண்களை ஏற்றாமல் போய்விடுவார், வருகிறவர் டீ குடித்துவிட்டு வந்துதான் ஏற்றுவார். அதற்குள் வண்டி மட்டும் முன்னால் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சுந்தர் காலை ஷிப்டுக்குப் போனதும் பதினோரு பக்கத்தையும் கூடத்தில் வரிசையாகப் பரப்பினாள். நோட்டில் கட்டம் போட்டாள். புரோகிராமில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டம். ஒவ்வொரு வரியையும் தானே இயந்திரமாக இருந்து செய்து, எந்தக் கட்டத்தில் என்ன எண் மாறுகிறது என்று எழுதினாள். முப்பத்தாறாம் வண்டி, லாட் 412. சரியாக வந்தது. முப்பத்தேழாம் வண்டியைப் பட்டறையில் இன்னும் ஏற்றவில்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து வந்தாள். தேடு. கிடைத்தால் லாட் எண்ணை எடுத்துக்கொள். கிடைக்காவிட்டால்?

கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. அடுத்த வரி, லேபிளை அடி. லாட் கட்டத்தைப் பார்த்தாள். முந்தின வண்டியின் 412 அழியாமல் அப்படியே இருந்தது.

பென்சிலைக் கீழே வைத்தாள். நம்பாமல் இன்னும் இரண்டு தடவை முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் 412.

செவ்வாய்க்கிழமை குமரகுருபரன் வந்ததும் மேனேஜரையும் கம்ப்யூட்டர் அறைக்கு வரச் சொன்னாள்.

"கம்ப்யூட்டரு தப்புப் பண்ணுமா? ஆளுதாம்மா தப்புப் பண்ணும்" என்றார் காந்திமதிநாதன்.

"கம்ப்யூட்டரு தப்புப் பண்ணல சார். அதுகிட்டச் சொன்னதுல ஒரு வரி கொறையுது."

குமரகுருபரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எட்டு மாசமா ஓடுது சார். ஒரு தடவ நின்னிருக்கா? கேட்டுப் பாருங்க."

"நின்னிருந்தா நல்லாயிருந்திருக்கும் தம்பி. நிக்காம அடிச்சதுதான் வெனையாப் போச்சு" என்றாள் கோமு. "பத்து நிமிஷம் குடுங்க சார். நான் சொல்லுதது தப்பா இருந்தா, இனிமே தாள மட்டும் மாட்டிக்கிட்டு வாயத் தெறக்காம இருக்கேன்."

காலையில் பட்டறையில் கேட்டு வைத்ததைப் பார்த்து ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி நாலாக மடித்து மேனேஜரிடம் கொடுத்தாள். "இத இப்பப் பாக்காண்டாம் சார். சட்டப் பையில வச்சிக்கிடுங்க." பட்டறைக்குப் போன் செய்து, இருபத்தோராம் வண்டியைக் கொஞ்ச நேரம் ஏற்றாமல் வைக்கச் சொன்னாள். பிறகு உட்கார்ந்து இருபது என்று அடித்து எண்டர் தட்டினாள். லாட் 633 என்று லேபிள் வந்தது. இருபத்தொன்று என்று அடித்தாள். பிரிண்டர் கொஞ்சமும் தயங்கவில்லை. அதே சத்தம், அதே வேகம். லாட் 633.

காந்திமதிநாதன் பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். 'இருபதுக்கு 633. இருபத்தொன்றுக்கும் 633 என்றே வரும்' என்று எழுதியிருந்தது. பட்டறைக்கு அவரே போன் போட்டார். இருபத்தோராம் வண்டியின் லாட் 634.

குமரகுருபரன் நோட்டை வாங்கிக் கட்டங்களில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் விரல் நின்றது. "எல்ஸ் போடல. கெடைக்காட்டி என்னன்னு எழுதல" என்றான், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல்.

"அப்போ தேவமணியக்காவுக்குக் குடுத்த மெமோ?" என்றாள் கோமு.

"ஹெட் ஆபீசுக்குக் காப்பி போயிட்டேம்மா."

"இன்னொரு காப்பி அனுப்பலாம்லா சார்?"

மறுநாள் காலை தேவமணி வேலைக்கு வந்துவிட்டாள். மெமோ ரத்தானதற்குத் தனிக் கடிதம் ஹெட் ஆபீசுக்குப் போயிற்று.

விடுபட்டதை யார் சேர்ப்பது என்ற பேச்சு அந்தச் செவ்வாய்க்கிழமையே வந்தபோது, "அக்காவே போடட்டும்" என்றான் குமரகுருபரன். அதில் கோபமும் இருந்தது, கொஞ்சம் மரியாதையும் இருந்தது. மேனேஜர் தலையாட்டினார். கோமு முதன்முதலாக அந்தப் புரோகிராமைத் திறந்து நாலு வரி சேர்த்தாள். கிடைக்காவிட்டால் லேபிள் அடிக்காதே, அடுத்த சீட்டுக்குப் போ. ஐந்து வண்டிகளை வைத்துச் சோதித்தாள். எல்லாம் சரியாக வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனபோது கால் தரையில் பாவவில்லை. சுந்தருக்கு நாலு வரியையும் சொல்லிக் காட்டினாள். புரியாவிட்டாலும் அவன் இரண்டு தடவை கேட்டான்.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை மத்தியானம், தேவமணி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"கோமு, பதினோரு பெட்டி மொட்டையாப் போயிருக்குட்டி."

"என்னக்கா சொல்லுதிய?"

"லேபிளு இல்லாம. நேத்து மத்தியானம் போட்ட பெட்டி. புதுசா வந்த பிள்ளைக்குத் தெரியல. பொறவு ஒட்டுவாங்கன்னு அடுக்கி வச்சிருக்கா. காலையில லாரிக்காரன் ஏத்திட்டுப் போயிட்டான்."

கோமு தன் நாலு வரியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கிடைக்காவிட்டால் அடிக்காதே, அடுத்ததுக்குப் போ. லேபிள் வரவில்லை என்று யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. அந்தச் சீட்டைத் தனியே எடுத்து வைக்கவும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தது என்றே கம்ப்யூட்டரில் கணக்கு நிற்கும். மத்தியான நெரிசலில் சீட்டுகளைக் கட்டாக வாங்கி அடித்துக்கொண்டே போனதில், எந்த லேபிள் வராமல் விட்டது என்று அவளும் கவனிக்கவில்லை. சோதித்த ஐந்து வண்டிகளில் அவள் பார்த்ததெல்லாம் தப்பான லேபிள் வரவில்லை என்பதைத்தான். லேபிள் வராத பெட்டி என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

தேவமணி குரலைத் தாழ்த்தினாள். "நீ ஒண்ணும் வெளிய சொல்லாத. வண்ணார்பேட்ட லாரி ஆபீசுல எங்க சின்னம்ம மவன் இருக்கான். அவங்கிட்ட லேபிளக் குடுத்து விட்டா பைய ஒட்டிருவான். எனக்காவ நீ அம்புட்டுத் தூரம் நின்னிருக்க. இது ஒரு பெரிய காரியமா?"

கோமுவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. போன வாரம்தான் சாவியைத் தொட விட்டிருக்கிறார்கள். இன்றைக்குப் போய்ச் சொன்னால் திரும்பவும் தாள் மாட்டும் இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். குமரகுருபரன் சிரிப்பான். யோசித்துக்கொண்டே மேனேஜர் அறைக்குப் போகும் படிக்கட்டின் கீழே போய் நின்றாள். நாலு படி ஏறினாள். அங்கே கட்டுரையின் கடைசிப் பக்கம், வில்க்ஸின் அந்த மாடிப்படி, நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. இது ஒரு தடவையோடு போகிற காரியம் இல்லை என்று தெரிந்தது. இன்றைக்கு மறைத்தால் அடுத்ததையும் மறைக்க வேண்டும். மறைக்கிற தப்பை நோட்டில் எழுத முடியாது. நோட்டில் எழுதாததிலிருந்து படித்துக்கொள்ளவும் முடியாது. மீதிப் படிகளையும் ஏறினாள்.

"சார், என் தப்பு" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள்.

காந்திமதிநாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போன வாரம் அவன் தப்பத் தூக்கிட்டு வந்த. இந்த வாரம் ஒன் தப்பத் தூக்கிட்டு வந்து நிக்க. என்னதாம்மா பண்ணச் சொல்லுத?"

"லாரி சாயந்தரம்தான் சார் திருநெல்வேலியிலேர்ந்து கெளம்பும். நான் போயி ஒட்டிட்டு வாரேன்."

பட்டறைப் பட்டியல் இதற்குள் ஏறியிருந்தது. பதினோரு லேபிளையும் அடித்து, பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாள். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் கண்டக்டரிடம் மணி கேட்டாள். வண்ணார்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். லாரியில் முக்கால்வாசி ஏற்றிவிட்டார்கள்.

புக்கிங் பார்த்த வைத்தியலிங்கம் அண்ணாச்சி கையை விரித்தார். "அடியில கெடக்கும்மா ஒங்க பெட்டி. இப்ப எப்பிடி எறக்க? திருப்பூர்ல போயிப் பாத்துக்கிடச் சொல்லு."

"எறக்காண்டாம் அண்ணாச்சி. நான் ஏறிக்கிடுதேன்."

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டாள். பெட்டி போடும் பெண்கள் வண்டி எண்ணைப் பெட்டியின் பக்கத்தில் சாக்பீஸால் குறிப்பது வழக்கம். அதை வைத்து ஒன்பது பெட்டியைக் கண்டுபிடித்து ஒட்டினாள். பத்தாவது, ஓரத்தில் கயிற்றுக்குப் பின்னால் இருந்தது. பதினோராவது தென்படவே இல்லை. சுமை ஏற்றுகிறவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர், "ஏலே, அந்த நாலு மூட்டைய இங்கன நவுத்துங்கலே, அந்தம்மா எம்புட்டு நேரம் குனிஞ்சி கெடக்கும்?" என்றார். மூட்டைகளை நகர்த்தியதும் அடியில் அந்தப் பெட்டி இருந்தது. சாக்பீஸ் எழுத்து பாதி அழிந்திருந்தது. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, எண்ணை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு ஒட்டினாள். கீழே இறங்கியபோது கையெல்லாம் பசை.

மறுநாள் நோட்டில் எழுதினாள்: 'புதன் மத்தியானம் நடந்தது, வியாழன் மத்தியானம் தெரிந்தது. தப்பு என்னுடையது. லேபிள் அடிக்காதே என்று சொன்னேன். அடிக்கவில்லை என்பதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.' புரோகிராமையும் மாற்றினாள். தேடிய எண் கிடைக்காவிட்டால் திரையில் கொட்டை எழுத்தில் செய்தி வரும், சீட்டு முடிந்ததாகக் கணக்காகாது, அன்றைய கடைசியில் மிச்சச் சீட்டுகளின் பட்டியல் தானாகத் தாளில் வரும். ஆனால் மாற்றியதை ஓடவிடவில்லை. சனிக்கிழமை வரை காத்திருந்தாள்.

சனிக்கிழமை குமரகுருபரன் வந்தபோது புதுத் தாள்களை அவன் முன்னால் வைத்தாள்.

"தம்பி, இதுல குத்தம் கண்டுபிடிச்சிக் குடுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கேலி பண்ணுதீங்களாக்கா?"

"இல்ல தம்பி. எனக்கு என் தப்பு தெரிய மாட்டேங்கு. போன தடவ தெரியாமத்தான பதினோரு பெட்டி போச்சு? நீங்க பாத்தா தெரியும். மொதமொதல்ல எழுதுன பொம்பளைங்களும் இப்பிடித்தான் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டாங்களாம்." ஜெராக்ஸ் தாளை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

அவன் நின்றுகொண்டே படித்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். படித்து முடித்ததும், "வால்வு வரைக்குமா சொன்னாங்க?" என்று கேட்டான்.

"அப்பிடித்தான் எழுதியிருக்கு தம்பி."

அவன் சிவப்புப் பேனாவைத் திறந்தான். கால்மணி நேரத்தில் இரண்டு இடத்தில் சுழித்தான். ஒரே வண்டி எண்ணை ஒரே நாளில் இரண்டு தடவை ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை. அவள் திருத்தி எழுதி முடித்ததும், அவன் பையைத் திறந்து வேறொரு கட்டுத் தாளை எடுத்தான். சாயப்பட்டறைக்காக அவன் எழுதிக்கொண்டிருக்கும் புதுப் புரோகிராம். இன்னும் யாருக்கும் காட்டாதது.

"இதயும் கொஞ்சம் பாருங்கக்கா" என்றான். "கட்டம் போட்டுப் பாக்கியளே, அது எப்பிடின்னும் எனக்குக் காட்டுங்க."

கோமு நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, ஸ்கேலை வைத்துக் கோடு போட ஆரம்பித்தாள். இரண்டு பேரும் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பக்கத்துக்கு வருவதற்குள் அவள் நாலு சுழி போட்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவன் முதலில் மறுத்துப் பேசினான், பிறகு தலையைச் சொறிந்தான். மேனேஜர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குக் குமரகுருபரன் வழக்கமாகப் போகும் ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டான்.